சிலந்திக்கு நான் வைத்த பெயர்

வெள்ளவத்தையில் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு வகையானவர்கள் பெயர் கேட்டு வருவதுண்டு. பிள்ளை பிறந்த வீட்டார் ஒரு வகை. நட்சத்திரத்துக்குரிய முதலெழுத்தைக் கோயில் ஐயரிடம் கேட்டுக்கொண்டு வந்து, ‘டோ’வில் தொடங்கும் நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்பார்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் நம்பமாட்டார்கள். மற்றவர்கள் விலங்கியல்காரர்கள். காட்டிலோ சேற்றிலோ இதுவரை யாரும் விவரிக்காத ஒரு நத்தையையோ பல்லியையோ கண்டுபிடித்திருப்பார்கள். இலத்தீனும் கிரேக்கமும் தெரிந்த ஒரு கிழவன் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தொடர்மாடியில் இன்னும் இருக்கிறான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். படங்களையும் அளவுகளையும் மேசையில் பரப்பிவிட்டு, குழந்தையைக் காட்டுகிற மாதிரியே நிற்பார்கள்.

நான் படித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே ஒரு பாதிரியார் எங்கள் தலைமுறையோடு முடிந்துபோன இலத்தீன் பாடத்தை நடத்தினார். பிறகு விலங்கியல் படித்து, விலங்கியலையே ஓய்வு பெறும்வரை கற்பித்தேன். விரிவுரைகளில் மாணவர்கள் தூங்காமல் இருந்ததற்குக் காரணம் பழைய கதைகள்தான். வெட்ட வெட்டத் தலை முளைத்த நாகத்தின் பெயரைத்தான் துண்டாக்கினாலும் வளர்கிற ஐதரா என்ற சின்ன நீர்ப்பிராணிக்கு வைத்தார்கள். பாம்புக் கூந்தல்காரி மெடுசாவின் பெயர், வெள்ளவத்தைக் கரையில் ஒதுங்குகிற சொறிமுட்டை என்ற ஜெல்லிமீனுக்குப் போயிற்று. வலி போக்க ஊசியில் ஏற்றும் மோர்பீன் கனவுத் தெய்வத்துக்குச் சொந்தம். வானத்தைத் தோளில் சுமக்கும்படி தண்டிக்கப்பட்ட அட்லஸ் நம் எல்லோருடைய கழுத்திலும் இருக்கிறான். மண்டையோட்டைத் தாங்கும் முதல் எலும்பு அவன்தான். என் கழுத்து தேய்ந்த பிறகு எக்ஸ்ரே அறிக்கையில் அவன் பெயரைக் கண்டபோது, வலியை மறந்து கொஞ்சம் மகிழ்ந்தேன். நம் நாட்டாரும் சளைத்தவர்கள் அல்லர். இராவணன் பெயரைச் செய்மதிக்கு வைத்து மேலே அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வண்ணத்துப்பூச்சிகளின் கதை. விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தொடங்கிய சுவீடன்காரர், பெரிய வண்ணத்துப்பூச்சிகளை ட்ரோய் போரின் இரண்டு பக்கங்களாகப் பிரித்தார். மார்பில் சிவப்பு உள்ளவை ட்ரோய் வீரர்கள். இல்லாதவை கிரேக்கர்கள். எங்கள் தொடர்மாடிப் பின்வளவில் நிற்கும் அன்னமுன்னா என்கிற சீத்தா மரத்தில் முட்டையிடுகிற பச்சைப் புள்ளிக்காரன் அகமெம்னோன். கால்வாய்க் கரையில் கறுப்பும் சிவப்புமாகப் பறக்கிறவன் ஹெக்டர். காலையில் நடக்கப் போகும்போது இரண்டு பேரையும் காண்பேன். போர் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரே வேலிக்கு மேலால் போய்வருகிறார்கள். இந்த அழகில்தான் நான் கெட்டுப்போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

சிலந்தியைக் கண்டுபிடித்த அந்த மாணவி என்னிடம் முதலில் வந்தது தன் பல்கலைக்கழக விரிவுரையாளரோடு. விரிவுரையாளரும் முன்பு என் மாணவிதான். பெண்ணுக்கு ஊர் கொட்டாஞ்சேனை. தாத்தா காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம். தகப்பன் இல்லை. தாய் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தார். இரத்மலானைக்குப் போகும் வழியில் இருக்கிற ஒரு சதுப்பு நிலத்தில் அவள் ஒரு சிறிய சிலந்தியைப் பிடித்திருந்தாள். மதுசாரம் நிறைந்த சின்னக் குப்பியில் அது மண்நிறமாக, பார்க்க எந்தச் சிறப்பும் இல்லாமல் கிடந்தது. ஆனால் அவள் அதைக் குப்பியில் மட்டும் பார்க்கவில்லை. கொசுக்கடியோடு சதுப்பில் விடிய விடிய இருந்து பார்த்திருக்கிறாள்.

“பொழுது பட்டதும் வலை கட்டுது சேர். விடியிறதுக்கு முன்னுக்கு, தான் கட்டின வலையைத் தானே தின்னுட்டுப் போயிருது. ஒரு நூல் மிச்சம் வைக்காது” என்றாள்.

அதைச் செய்கிற சிலந்திகள் வேறும் உண்டு. ஆனால் அந்தச் சிலந்திக் குடும்பத்தில் அந்தப் பழக்கத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. எனக்கு உடனே கிரேக்கக் கதையில் வரும் பெனலோப்பி நினைவுக்கு வந்தாள். அவர்களுக்குக் கதை சொன்னேன். போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. அரண்மனை முழுக்க அவளை மணக்க வந்தவர்கள். மாமனாருக்கு ஒரு சவச்சீலை நெய்து முடித்ததும் உங்களில் ஒருவரை மணக்கிறேன் என்கிறாள். பகலெல்லாம் நெய்கிறாள். இரவில் விளக்கை வைத்துக்கொண்டு நெய்ததைப் பிரிக்கிறாள்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அந்த ராணி ஏமாத்துறதுக்குப் பிரிச்சா. இது பசிக்குத் திங்குது. ரெண்டும் ஒண்ணா சேர்?” என்றாள். பிறகு, “அதோட, அவ பகல்ல கட்டினா, இது ராவுல கட்டுது. கணக்கு ஒத்து வரல்லையே” என்று சிரித்தாள். விரிவுரையாளரும் சிரித்துவிட்டார். பெயர் என்பது கணக்கு அல்ல, பிள்ளை என்று சொல்லி நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிந்திவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் விரிவுரையாளரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றின் உள்ளே இரண்டு அறை வீடு. தாய் அழுதுகொண்டிருக்கவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விரிவுரையாளர் அவர் கையைப் பிடித்து, உங்கள் மகள் கண்டுபிடித்த சிலந்திக்கு அவளுடைய பெயரையே வைக்கப்போகிறோம் என்றார். தாய்க்கு முதலில் விளங்கவில்லை. ஒரு உயிருக்கு ஒருமுறை வைத்த விஞ்ஞானப் பெயர் எல்லா நாட்டிலும் அதே பெயர்தான், எந்த மொழிக்காரரும் அதைத்தான் எழுதவேண்டும் என்று விளக்கினோம். அவர் என் பக்கம் திரும்பி, “உண்மையாவா சேர்?” என்று கேட்டார். நரைத்த தலையைக் கண்டு கேட்டிருப்பார். “ஓம் அம்மா” என்றேன்.

அதன்பிறகு என் வீட்டுக்கு இரண்டு தடவை தொலைபேசி எடுத்தார். புத்தகம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்பார். ஆய்விதழ் என்பதை அவர் புத்தகம் என்றுதான் சொல்வார். இப்படியான வேலைகள் சுணங்கும் என்று சொல்வேன். சரி சேர் என்று வைத்துவிடுவார். சோற்றுக்கும் வேலைக்கும் நடுவே அவர் காத்திருந்த ஒரே விஷயம் அதுதான் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அது எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல வழியில்லை.

விரிவுரையாளர் கட்டுரையை எழுதி எனக்கு அனுப்பினார். பெண்ணின் பெயருக்குப் பின்னால் இலத்தீன் வேற்றுமை உருபைச் சேர்த்து, விதிப்படி சரியாகவே பெயர் வைத்திருந்தார். நான் அதைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எண்சாத்திரம் பார்த்து இங்கிலீசில் எழுத்துகளைக் கூட்டி வைத்த பெயர் அது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீதியில் நாலு பேருக்கு இருக்கும். அந்த வாலோடு அது எனக்குச் சகிக்கவில்லை. பக்கத்தில் பெனலோப்பி என்று எழுதிப் பார்த்தேன். சிலந்தி வகுப்பு முழுவதற்குமே தெய்வத்தோடு போட்டிக்கு நெய்து சபிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கிறது. அந்த நிரையில் இன்னொரு நெசவுக்காரி வந்து உட்காருவது எவ்வளவு பொருத்தம் என்று பட்டது. வாழ்நாளில் பலருக்குப் பெயர் சொல்லியிருக்கிறேன். அவற்றில் பாதி, இடத்தின் பெயரும் நிறத்தின் பெயரும். பிழையில்லாத ஒன்றை வைத்துவிட்டுச் சாகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

விரிவுரையாளரை அழைத்துச் சொன்னேன். ஆட்களின் பெயரை வைப்பது மலிந்துபோன பழக்கம், ஐம்பது வருடம் கழித்து வாசிக்கிறவனுக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது, பெனலோப்பி என்றால் பிராணியின் குணமே பெயரில் வந்துவிடும் என்றேன்.

“தாய்க்குச் சொல்லிப்போட்டமே சேர்.”

“தாய்க்கு நான் சொல்லுறன்” என்றேன்.

விரிவுரையாளருடைய பட்டத்துக்கும் வேலைக்கும் கடிதம் கொடுத்தவன் நான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவர் புறப்பட இருந்ததும் என் சிபாரிசில்தான். என்னோடு அவர் வாதாடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். கட்டுரை பெனலோப்பி என்ற பெயரோடு வெளிவந்தது. பெண்ணின் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், சின்ன எழுத்தில் இருந்தது.

தாய்க்குத் தொலைபேசியில் சொன்னேன். விஞ்ஞானப் பெயரிடலுக்குச் சர்வதேச விதிக்கோவை இருக்கிறது, பட்டம் முடிக்காத மாணவியின் பெயரை வைக்க அது இடந்தரவில்லை என்றேன். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. மறுமுனையில் பேருந்துச் சத்தம் கேட்டது. வேலை முடிந்து நடந்துகொண்டிருந்திருப்பார். “விதி எண்டா என்னா செய்யிறது” என்றார். எனக்கு நன்றி சொன்னார். அன்று இரவு நன்றாகத்தான் தூங்கினேன். கட்டுரையைப் பற்றி இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் பெயரைப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாய் சொல்லாமல் வந்து கதவைத் தட்டினார். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்:

“எங்க ஒபிஸ்ல ஒரு சட்டத்தரணி ஐயா சொன்னாரு, ஏதோ ஒரு தவளைக்கு, பிடிச்சவரு தங்கட அம்மாட பேரை வச்சிருக்காராம். அந்தம்மா என்னா பட்டம் முடிச்சவங்க சேர்?”

தவளைகளுக்கு வேறு விதி என்றேன். எழுபது வயது கடந்த, விலங்கியல் கற்பித்த ஒருவன் சொன்ன வார்த்தை இது. எல்லா விலங்குக்கும் ஒரே விதிக்கோவைதான் என்பது முதலாம் வருடத்து மாணவனுக்கும் தெரியும்.

“அப்ப சிலந்திட விதியக் காட்டுங்க” என்றார். “நான் இங்கிலீசு வாசிப்பேன். நாள் முழுக்க அதைத்தானே தட்டுறேன். எந்தப் பிரிவு, எந்த உபபிரிவு எண்டு இல்லாம எங்க ஐயா ஒரு வரியும் எழுத விடமாட்டாரு.”

விதிக்கோவை அலுமாரியில்தான் இருந்தது. எழுந்து போய் எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. அவர் முன்னால் பக்கங்களைப் புரட்டினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அலுவலகத்தில் கோப்புத் தேடுகிறவர்களுக்காகக் காத்திருந்து பழகியவர் மாதிரி இருந்தார். ஆட்களின் பெயரை எப்படி வைப்பது என்று சொல்லும் பகுதி வந்தது. பெண்ணின் பெயரானால் என்ன உருபு என்று அங்கே விளக்கமாகப் போட்டிருந்தது. புத்தகத்தை மூடினேன்.

“அப்பிடி ஒரு விதி இல்லை அம்மா” என்றேன்.

“இல்லையா?”

“இல்லை. உங்கட மகளின்ர பேரை வைச்சிருக்கலாம். கட்டுரை எழுதினவை வைக்கத்தான் இருந்தவை. மாத்தினது நான். விரிவுரையாளரிலை பிழையில்லை.”

“ஏன் சேர்?”

“மற்றப் பேர் எனக்கு வடிவாப் பட்டது.”

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “எம்புள்ளட பேரு வடிவில்லையா?”

இல்லை என்று நினைத்தேன் என்பதை அவரிடம் சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகியிருக்கும். அவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அதற்கு அவர் இடம்தரவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையை எடுத்து நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“சரி. இப்ப மாத்துங்க” என்றார்.

அது முடியாது என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. முதலில் அச்சில் வந்த பெயரே நிற்கும். வைத்தவனே விரும்பினாலும் பொருத்தமில்லை என்பதற்காகத் திரும்பப் பெற முடியாது. நியூகினித் தீவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு பறவையின் கதையைச் சொன்னேன். தீவில் பாடம் செய்து அனுப்பிய தோல்களில் கால்களை வெட்டியிருந்தார்கள். அதனால் அதற்குக் காலில்லாதது என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

“கால் இருக்குதா அதுக்கு?”

“இருக்கு. நல்ல பலமான கால்.”

“இன்னும் அதே பேரா?”

“அதே பேர்தான்.”

“எங்க வேலையில தட்டினது பிழைச்சா வெட்டித் திருத்தி, பக்கத்துல ஒப்பம் வாங்குவோம்” என்றார். “பெரிய நீதவான் எண்டாலும் ஒப்பம் வைப்பாரு. உங்கட ஆளுங்க அதுக்கும் மேலயா?”

தமிழில் வழங்கும் பெயருக்கு எந்த விதியும் கிடையாது, அதை உங்கள் மகளின் பெயரில் வைத்து நான் எழுதலாம் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். “அது உங்கட ஆறுதலுக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது, அந்தச் சிலந்தியைத் தான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொல்லி, மகள் சிலந்தி பார்க்கப் போன இடத்துக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி கேட்டார்.

அடுத்த வார இறுதியில் பின்னேரம் போனோம். வெள்ளவத்தைச் சந்தியில் ஓர் ஓட்டோ பிடித்தேன். சாரதி சிங்கள இளைஞர். தெகிவளைப் பாலத்தைத் தாண்டிப் போனோம். சதுப்பு நிலத்தின் விளிம்பில் பலகை போட்ட ஒரு நடைபாதை இருந்தது. ஒரு பக்கம் புதிதாக மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். நாணலுக்கு அப்பால் விமான நிலையத்துப் பக்கமாக ஒரு சிறிய விமானம் இறங்கியது.

“புள்ள எங்க நிண்டு பார்த்தா?” என்று தாய் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். நான் அங்கே அதற்கு முன்பு வந்ததே இல்லை. குப்பியையும் படங்களையும் பார்த்துத்தான் பெயர் வைத்தேன்.

பொழுது இறங்க இறங்க நாணல்களுக்கு நடுவே சிலந்திகள் வெளியே வந்தன. ஒன்று இரண்டு அல்ல, நிறைய. அவர் ஒவ்வொன்றாகக் காட்டி இதுவா, இதுவா என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய நுணுக்குக்காட்டி வேண்டும். உயிரோடு அதை நான் கண்டதே இல்லை. அதையும் சொன்னேன். அவர் பலகையின் ஓரத்தில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒன்றைத் தானாகவே தெரிவு செய்தார். மண்நிறமான சின்னது. அது ஒரு நாணலிலிருந்து மற்றதற்கு நூல் விட்டு, நடுவுக்கு வந்து, திரும்ப ஓரத்துக்குப் போய்க் கட்டிக்கொண்டிருந்தது. கொசு மொய்த்தது. அவர் கையை அசைக்காமல் இருந்தார்.

சாரதிக்கு நேரம் போகிறது என்ற கவலை. தேடிக்கொண்டு பலகையில் நடந்து வந்து, வயதான இரண்டு பேர் நாணலுக்குள் எதைப் பார்க்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தன் மகள் கண்டுபிடித்த சிலந்தி என்று தாய் சிங்களத்திலேயே சொன்னார். கண்டுபிடித்ததா என்று அவர் ஆச்சரியப்பட்டுக் குனிந்து பார்த்தார். பெயர் என்ன என்று கேட்டார். தாய் மகளின் பெயரைச் சொன்னார். சாரதி அதைத் தன் வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருடைய உச்சரிப்பில் அது கொஞ்சம் மாறி வந்தது. தாய் திருத்திச் சொல்லிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

கடிக்குமா என்று சாரதி கேட்டார். அதற்கு மட்டும் தாய் என் பக்கம் திரும்பினார். கடிக்காது என்றேன்.